வெயிலில் வெளுத்த பழைய கார்... வாங்கலாமா, வேண்டாமா?

சென்னை:
ஒரு லட்சம் ரூபாய்க்குள் கார் தேடுபவர்கள் கண்ணில் முதலில் படுவது, தெருவோரம் வருடக்கணக்கில் வெயிலில் நின்ற கார்கள்தான். கூரையும் பானெட்டும் வெளுத்து, பெயிண்ட் திட்டு திட்டாக உரிந்திருக்கும். டேஷ்போர்டு வெடித்திருக்கும். "பார்க்கவே சகிக்கலையே" என்று பலர் ஒதுங்கி விடுகிறார்கள். சிலரோ விலை மலிவு என்று சிறுக சிறுக சேர்த்த பணத்தை கொட்டி விட்டு, ஒர்க்ஷாப்புக்கு நடையாய் நடக்கிறார்கள்.

இரண்டுமே தப்பு. வெயில் கெடுத்ததை சரி செய்து விடலாம். தண்ணீர் கெடுத்ததை சரி செய்வதுதான் கஷ்டம்.

வெளுத்த பெயிண்ட், மஞ்சளான ஹெட்லைட், கிழிந்த சீட் இதெல்லாம் பேரம் பேச உதவும் குறைகள். ஆனால் வெயிலில் கதவு, கண்ணாடி ஓரத்து ரப்பரும் காய்ந்து வெடிக்கும். மழைத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

துரு எங்கே?

கால் வைக்கும் இடத்தில் மேட்டை தூக்கி பாருங்க. டிக்கியில் ஸ்டெப்னி டயரை எடுத்து விட்டு அடியில் பாருங்க. ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டுங்க. தகரம் உள்ளே போனால் அந்த கார் வேண்டாம். காசிமேடு, பட்டினப்பாக்கம் போன்ற கடலோர பகுதியில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடித்திருக்கும்.

புதுசாக பெயிண்ட் அடித்து பளபளக்கும் பழைய கார் என்றால் இன்னும் உஷார். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்து பாருங்க. தகரத்தில் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கலாம்.

புகை சொல்லும் சேதி

என்ஜின் சூடாவதற்கு முன்பே போய் ஸ்டார்ட் செய்ய சொல்லுங்க. நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது. இரண்டுமே பெரிய செலவு.

டயரில் 4 இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றியே ஆகணும்.

ஆர்.சி. முக்கியம்

15 ஆண்டு முடிந்த காருக்கு எப்.சி. எடுத்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டை தாண்டிய காருக்கு இந்த கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ.10 ஆயிரமாக உயர்ந்தது. பசுமை வரி தனி. என்ஜின், சேசிஸ் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா, பைனான்ஸ் கடன் ரத்தாகி இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

புரோக்கர் பேச்சை மட்டும் நம்பாமல், தெரிந்த மெக்கானிக் ஒருவரை கையோடு கூட்டிப் போங்க. அவருக்கு கொடுக்கும் சில நூறு ரூபாய், பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும்.