"இப்பதான்" எண்டால் எத்தனை மணி? சலப்பை ஸ்கேனரின் கதை

இந்தக் கிழமை எபிசோட்டில, சென்சர் சொல்லுற எண்ணை எவ்வளவு நம்பலாம் எண்டு கதைச்சம். நேரம் போதாமல் விட்ட ஒரு மெஷினைப் பற்றி இங்கே எழுதுறன்: சலப்பை ஸ்கேனர்.

போன மாரியில அம்மம்மாவுக்கு இரண்டு நாளாச் சலம் போறது கஷ்டம். போனாலும் முழுக்கப் போன மாதிரி இல்லை எண்டா. புரோசார்டில இருந்து காரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம். நேர்ஸ் ஒரு சின்ன மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து, அடிவயிற்றில ஜெல் பூசி, பட்டனை அமத்தினா. சில செக்கனில திரையில 380 மில்லிலீற்றர்.

"கடைசியா எப்ப சலம் போனவ?" எண்டு பிரெஞ்சில கேட்டா. நான் அம்மம்மாவிடம் கேட்டன்.

"இப்பதான் பிள்ளை."

அப்பிடியே மொழிபெயர்த்தன். போன உடனேயே 380 மிச்சம் எண்டால் நல்ல செய்தி இல்லை. நேர்ஸ் ரியூப் போட ஆயத்தம் பண்ணத் தொடங்கினா. அம்மம்மா என்ர கையை இறுக்கிப் பிடிச்சா.

சரி, அந்த 380 எங்கேயிருந்து வருது? ஸ்கேனர் எங்கட காதுக்குக் கேளாத ஒலியை உடம்புக்குள்ள அனுப்புது. அது செக்கனுக்குச் சுமார் 1,540 மீற்றர் வேகத்தில போய், சதை மாறுற இடங்களில பட்டு எதிரொலியாத் திரும்புது. சலம் வெறும் திரவம், எதிரொலி தராது. அதால படத்தில கறுப்பாத் தெரியும். மெஷின் பல கோணங்களில அந்தக் கறுப்பின்ர ஓரத்தைக் கண்டுபிடிச்சு, கனஅளவைக் கணக்குப் போடுது. பெரிய ஸ்கேனில கையால கணக்குப் பார்க்கிறவை நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52 ஆல பெருக்குவினம். முட்டை வடிவத்துக்கான சூத்திரம் அது. ஆனால் எல்லாச் சலப்பையும் முட்டை மாதிரி இருக்காது. அதால வாற எண் எப்பவும் ஒரு மதிப்பீடுதான்.

இன்னொரு சிக்கல், மெஷினுக்குச் சலம் எது எண்டு தெரியாது, கறுப்பு எது எண்டுதான் தெரியும். வயிற்றில நீர் கட்டியிருந்தாலோ, சூலகத்தில நீர்க்கட்டி இருந்தாலோ அதையும் சலம் எண்டு எண்ணக்கூடும். 1958இல் கிளாஸ்கோவில இயன் டொனால்டின் குழு வயிற்று அல்ட்ராசவுண்டைப் பற்றி 'லான்செட்'டில எழுதினபோது, அது காட்டிக்குடுத்த பெரிய விசயங்களில ஒண்டே சூலக நீர்க்கட்டிதான். அதே கட்டி இந்தச் சின்ன ஸ்கேனரை ஏமாத்தும். கையை நடுவில வைக்காட்டியோ, வயிறு பருமனா இருந்தாலோ, பழைய ஒப்பரேசன் தழும்பு இருந்தாலோ எண் பிழைக்கலாம். பல மொடல்களில ஆண், பெண் எண்டு பட்டன் இருக்கு. பெண் பட்டன் கருப்பையைக் கழிச்சுப் பார்க்கும். கருப்பை எடுத்தவைக்கு ஆண் பட்டனைத்தான் அமத்த வேணும்.

அப்ப ஏன் இதைப் பாவிக்கினம்? ரியூப் போட்டு அளக்கிறது கூடத் துல்லியம். ஆனால் நோகும், வெட்கம், கிருமி தொற்றுற ஆபத்தும் இருக்கு. ஸ்கேனரால தேவையில்லாத ரியூப் குறையுது.

எண் 15 வீதம் பிழை எண்டே வைப்பம். 380 எண்டது 323 இல இருந்து 437 வரைக்கும் எங்கேயும் இருக்கலாம். பொதுவா 50க்குக் குறைஞ்ச மிச்சம் பரவாயில்லை, 200க்கு மேல எண்டால் கவனிக்க வேணும். அப்பிடிப் பார்த்தால் அந்தப் பிழையால முடிவு மாறாது.

முடிவை மாத்தினது நேரம். 60 கிலோ ஆளின்ர சிறுநீரகம் மணிக்குச் சுமார் 60 மில்லிலீற்றர் சலம் உண்டாக்கும். சலம் போகக் குடுக்கிற குளிசை எடுத்தால் இன்னும் எவ்வளவோ கூட. அதால போய் வந்து பத்து நிமிசத்துக்குள்ள ஸ்கான் பண்ண வேணும்.

எனக்கு ஏதோ இடிச்சுது. "வீட்டிலயா, இங்கயா போனனீங்கள்?" எண்டு திரும்பக் கேட்டன்.

"வீட்டில. வெளிக்கிட முன்னம்."

தாஷெரோ ட்ராஃபிக், பார்க்கிங், காத்திருந்தது எல்லாம் சேர்த்து ஒண்டரை மணித்தியாலம். காலமை அந்தக் குளிசையும் போட்டவ. நேர்ஸிட்டச் சொன்னன். அவ அம்மம்மாவைக் கையோட டொய்லெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்து, திரும்ப ஸ்கான் பண்ணினா. 70. ரியூப் பக்கெட் பிரிக்காமலே திரும்பிப் போச்சு. சலத்தைச் சோதிச்சு, கிருமி எண்டு மருந்து தந்தவை.

மெஷின் இரண்டு தரமும் சரியாத்தான் சொன்னது. பிழையான தரவு குடுத்தது நான்.

எங்களில கனபேர் சின்னனில இருந்தே வீட்டு மொழிபெயர்ப்பாளர்தான். அடுத்த முறை தாளில "ரெசிடு போஸ்ட்-மிக்சியோனெல்" எண்டு கண்டால், சலம் போனபிறகு சலப்பையில மிஞ்சுறது எண்டு அர்த்தம். "எப்ப போனனீங்கள்" எண்டு கேக்காமல் "எத்தனை மணிக்கு, எங்க" எண்டு கேளுங்கோ. குளிசைகளின்ர பெயரைச் சொல்லுங்கோ. கருப்பை எடுத்ததா எண்டு கேக்கக் கூச்சமா இருக்கும், ஆனாலும் கேளுங்கோ. "இன்னொருக்காப் போய் வந்தபிறகு ஸ்கான் பண்ணலாமா?" எண்டு கேக்கிறதில பிழையே இல்லை.

ஒண்டு மட்டும்: சலமே போகாமல் அடிவயிறு வீங்கி நோகுது எண்டால் காத்திருக்காதேங்கோ, உடனே எமேர்ஜென்சிக்குப் போங்கோ. அவ்வளவு அவசரம் இல்லாட்டி கியூபெக்கில 811க்கு அடிச்சு நேர்ஸிட்டக் கேக்கலாம்.

நீங்கள் மொழிபெயர்க்கப் போய் மாட்டின சொல் எது? பதில் எழுதுங்கோ, அடுத்த எபிசோட்டில கதைப்பம்.