சீனி இல்லாத இனிப்பு

கடைச் சீனிக்குக் காசு தேடும் நாம், இடம்பெயர்ந்து வந்த இடத்தில் விழும் பனம்பழத்தை மாட்டுக்கு விடுகிறோம். பழக்களியைப் பிசைந்து வடித்து, ஓலைப்பாயில் மெல்லிதாகப் பரப்பி வெயிலில் காயவிட்டு, அதன்மேல் நாள்தோறும் புதுக்களி பூசிக் காயவைத்தால் பனாட்டு. சீனியே வேண்டாம், ஈரம் படாவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும்.

வறுத்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, பனங்கட்டிப் பாகு மூன்றும் சேர்ந்தால் பயற்றம் உருண்டை. பயற்றின் புரதம் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு உதவும். ஆயினும் பனங்கட்டியும் இனிப்பே. நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்த்தே உண்ணவேண்டும்.

2009 இல் முடிந்த போரில் காவலரண்களுக்காகப் பெருந்தொகைப் பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை பயன்தரப் பதினைந்து ஆண்டளவு செல்லும். எனவே நிற்கும் மரத்தைக் காப்போம்; களி எடுத்த விதைகளை வீசாமல் ஊன்றுவோம்.