எளிய சொல்லும் ஆழ்ந்த பொருளும்: ‘தைவதசக’த்தைத் தமிழாக்குதல்

1. முன்னுரை

கழக்கூட்டத்திற்கு அருகிலுள்ள செம்பழந்தி, நாராயண குரு பிறந்த ஊர். மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் ஆகிய மும்மொழிகளிலும் பாடிய அவர், தமிழில் தேவாரப் பதிகங்கள் இயற்றியதோடு, திருக்குறளின் சில பகுதிகளை மலையாளத்தில் பெயர்த்தும் தந்தார். 1914இல் அவர் இயற்றிய ‘தைவதசகம்’ பத்தே பாடல்கள் கொண்ட மலையாள நூலாகும். சிறுவரும் பாடத்தக்க இறைவணக்கமாகிய இந்நூல், உலகம் யாது, நாம் யார் என்னும் வினாக்களையும் தன்னுள் அடக்கியுள்ளது. மலையாளத்திற்கு மிக நெருங்கிய தமிழில் இதன் எளிமையைக் காக்க இயலுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எளிமையின் அமைப்பு

நூல் முழுவதும் அனுஷ்டுப்பு யாப்பில் அமைந்துள்ளது. மொழியியலார் கூறும் பொருளில் அசையைக் கொண்டால், பாதத்திற்கு எட்டாகப் பாடலுக்கு 32 அசைகள் வரும். இரண்டாம் எழுத்தெதுகை பாடலை நினைவில் நிறுத்துகிறது. ஓடக்காரன், உணவு, உடை, கடல், அலை ஆகியன சிறுவர் அறிந்த பொருள்களே.

முதற்பாடலில் பிறவியே கடல்; அது கடக்கப்பட வேண்டியது. இறுதிப்பாடலில் இறைவனின் பேரொளியே கடல். அதில் ஆழ்வதே வேண்டுதல். இம்மாற்றம் எங்கும் விளக்கப்படவில்லை. சொற்களைக் குழந்தைப் பருவத்திலேயே அறிந்தவர், பொருளைப் பல ஆண்டுகள் பாடிய பின்னரே உணரக்கூடும். இத்தகைய குறும்பாக்களின் ஈர்ப்பு இங்கேதான் உள்ளது எனலாம்.

3. நெருக்கத்தால் வரும் இடர்

இனச்சொல் கிடைக்கும்போது அதனையே எடுத்தாள்வது மொழிபெயர்ப்பாளரின் இயல்பு. ஆனால் வடிவம் ஒன்றாயினும் வழக்கு ஒன்றன்று. மூன்று சான்றுகள் கருதத்தக்கன.

(அ) மலையாளத்தில் ‘திர’ அன்றாடச் சொல். தமிழில் அலையைக் குறிக்கும் ‘திரை’ இலக்கிய வழக்காகிவிட்டது. இன்றைய வாசகர் முதலில் நினைப்பது திரைச்சீலையையோ திரைப்படத்தையோதான்.

(ஆ) இறைவனின் திருவடியை நீராவிக் கப்பலாக உருவகிக்கும் குரு, ‘ஆவி’ என்னும் சொல்லை ஆள்கிறார். பழைய பிறவிக்கடல் உருவகத்தில் அக்காலத்துப் புதிய எந்திரம் இடம்பெறுவது நோக்கத்தக்கது. தமிழில் ‘ஆவி’ தனித்து நின்றால் உயிர் என்றோ பேய் என்றோ பொருள்படும். எனவே ‘நீராவி’ என விரித்தல் வேண்டும்.

(இ) ஏழாம் பாடல் முக்காலமும் இறைவனே என்கிறது. அங்கு இறந்தகாலத்தைக் குறிக்கும் ‘பூதம்’, எதிர்காலத்தைக் குறிக்கும் ‘பாவி’ ஆகிய வடசொற்களைத் தமிழெழுத்தில் அப்படியே தந்தால் விளைவு விபரீதமாகும். பாடுவோர் இறைவனையே பேயென்றும் பாவம் செய்தவனென்றும் அழைத்தவராவர்.

4. வினைமுடிவு

இறுதிப்பாடல் ‘-அணம்’ என முடியும் வினைகளை அடுக்குகிறது. ‘வேணம்’ என்பதன் குறுக்கமாகிய இவ்விகுதி மலையாளத்தில் எழுத்து வழக்கிற்கும் உரியது. தமிழில் இதற்கு நேரான ‘-ணும்’ பேச்சு வழக்கு மட்டுமே. ஆகவே மூன்று வழிகள் உள்ளன. ‘வாழணும்’ என்பது அசையளவில் பொருந்தினும் வழிபாட்டு நடைக்குப் பொருந்துவதில்லை. ‘வாழ்க’ என்பது வேண்டுதலை வாழ்த்தாக்கிவிடும். தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பியர் கருத்து. ‘வாழ வேண்டும்’ என்பதில் ஒவ்வொரு முறையும் ஓர் அசை மிகும். ‘ஆழவும் வாழவும் வேண்டும்’ என இணைத்தாலும் அசை குறையாது. மேலும், சிறுவர் நாவில் பாடலை நிறுத்தும் அடுக்கு மறைந்துவிடும். எனவே அசை மிகுதியை ஏற்று, ‘வேண்டும்’ என்பதைத் திரும்பத் திரும்ப ஆள்வதே தக்கது. ஆழ், வாழ் என்னும் எதுகை தமிழில் இழப்பின்றிக் கிடைப்பது இதற்கு ஈடாகும்.

5. முடிவுரை

எளிமை என்பது சொல்லின் வடிவத்தில் இல்லை. அச்சொல் வாசகரின் வழக்கில் பெறும் இடத்தில் உள்ளது. தொலைவான மொழிக்குப் பெயர்ப்பவர் ஒவ்வொரு சொல்லையும் தேடியே பெறவேண்டியிருப்பதால் விழிப்புடன் இருக்கிறார். நெருங்கிய மொழிக்குப் பெயர்ப்பவருக்குச் சொற்கள் கையருகே கிடைப்பதால் அவ்விழிப்பு தளர்கிறது. அப்போது குழந்தைக்காகப் பாடப்பட்டது புலவருக்கு மட்டும் உரியதாகிவிடுகிறது. தைவதசகத்தின் ஆழத்தைத் தமிழுக்குக் கொணர விரும்புவோர் முதலில் காக்கவேண்டியது அதன் எளிமையையே.