கம்பைக் காப்பாற்றிய ஆய்வகம்

கம்மங்கூழும் மோர்மிளகாயும் இல்லாத கோடை நமக்கு ஏது? அதனாலேயே கம்பை இந்த மண்ணில் பிறந்த தானியம் என்று நினைத்துவிடுகிறோம். அதன் பூர்வீகம் சகாரா பாலைவனத்தின் தெற்கு விளிம்பு. மாலி நாட்டில், கி.மு. 2500-ஐ ஒட்டிய காலத்திலேயே கம்பைப் பயிரிட்டதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. சில நூற்றாண்டுகளில் அது இந்தியாவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நெல்லும் கோதுமையும் பெற்ற ஆராய்ச்சிக் கவனிப்பு மட்டும் அதற்கு வாய்க்கவே இல்லை. ஏழைகளின் இந்தப் பயிருக்கு உயிரித்தொழில்நுட்பம் எதற்கு என்று கேட்பவர்கள், அரியானாவின் ஹெச்.ஹெச்.பி. 67 கம்புக்கு நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது.

1965-இல் ஹெச்.பி. 1 என்ற முதல் வீரிய ஒட்டுக் கம்பு வெளியானது. அதன் தாய்வழி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்த டிஃப்ட் 23ஏ. விளைச்சல் எகிறியது. ஆனால் அடுத்தடுத்து வந்த ரகங்களுக்கும் அதுவே தாய் என்பதால், 1970-களில் அடிச்சாம்பல் நோய் பரவியபோது எல்லாம் ஒன்றாகவே சரிந்தன. இந்த நோய் தாக்கிய கம்பில் இலையின் அடிப்பக்கம் வெண்சாம்பல் படரும். பூக்கள் இலைகளாகத் திரிந்து, கதிர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் குஞ்சம்தான் நிற்கும். ஒரு மணிகூடத் தேறாது. 1990-இல் வந்த ஹெச்.ஹெச்.பி. 67 ஏறக்குறைய 65 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். மழை பிந்தினாலும் முந்தி நின்றாலும் ஏதாவது வீடு வந்து சேரும் என்பதால் மானாவாரி விவசாயிகள் அதை விடவில்லை. பத்தாண்டுக்குள் அதையும் இதே நோய் பிடிக்கத் தொடங்கியது.

வழக்கமான தீர்வு, பழையதைக் கைவிட்டுப் புதிய ரகம் தேடுவது. ஹைதராபாத்தின் இக்ரிசாட் நிறுவனமும் ஹிசார் வேளாண் பல்கலைக்கழகமும் வேறு வழியில் போயின. நோயைத் தாங்கும் இன்னொரு கம்போடு இதன் தந்தைவழியைக் கலந்து, பிறந்த நாற்றுகளை மீண்டும் மீண்டும் அதே தந்தைவழியோடு கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் இலைத்துண்டில் டி.என்.ஏ. எடுத்து, எதிர்ப்புக் குணம் உள்ள பகுதியின் அடையாளக் குறி இருக்கிறதா என்று பார்த்தார்கள். நோய் வந்து காட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாய்வழிக்குப் பழைய பின்கலப்பு முறையே போதுமானதாக இருந்தது. 2005-இல் வெளியான மேம்பட்ட ஹெச்.ஹெச்.பி. 67, அதே குறுகிய வயதோடு நோய் எதிர்ப்பையும் சேர்த்துக்கொண்டது. புதுமை என்று பார்த்தால் இது சின்ன வேலைதான். விவசாயிக்கு வேண்டியிருந்தது அதுதான்.

மரபணு மாற்றுப் பயிர்தானே என்பார்கள். இல்லை, கம்பின் குணமே கம்புக்குள் போயிருக்கிறது. நாட்டு விதை போதாதா என்ற கேள்விக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. ஆனால் நாட்டு விதையும் ஆய்வகமும் எதிரிகள் அல்ல. 2014-இல் வந்த இரும்புச்சத்து மிகுந்த தனசக்தி ரகத்தின் வேர், மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டு விவசாயிகள் காத்துவந்த இனியாடி என்ற நாட்டுக் கம்பில் இருக்கிறது. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பது நியாயமான குறை. தனசக்தி ஒட்டு ரகம் அல்ல. அக்கம்பக்கத்து மகரந்தம் கலக்காமல் பார்த்துக்கொண்டால் விளைந்ததிலிருந்தே விதை எடுக்கலாம். எதிர்ப்புக் குணம் என்றைக்கும் நிற்குமா? நிற்காது, நோய்க்கிருமியும் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2017-இல் கம்பின் மரபணுத் தொகுதி முழுதாக வாசிக்கப்பட்டு, 994 கம்பு வகைகளின் வேறுபாடுகளும் பதிவானது, அடுத்த எதிர்ப்பைத் தேடும் வேலையை எளிதாக்கியிருக்கிறது.

இந்த வேலைக்குப் பொதுப்பணம் தொடர்ந்து கிடைக்க வேண்டும், விதையும் எட்டும் விலையில் இருக்க வேண்டும். அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு: 2018 முதல், கிலோவுக்குக் குறைந்தது 42 மில்லிகிராம் இரும்பும் 32 மில்லிகிராம் துத்தநாகமும் இல்லாத புதிய கம்பு ரகத்தை வெளியிட முடியாது.