இனிப்பா, அபராதமா?

தீபாவளி தோறும் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறும் செய்திகளுள் ஒன்று, செட்டிநாட்டுக் கண்டனூருக்கு மேற்கே, திருப்பத்தூர் வட்டாரத்திலுள்ள கொள்ளுகுடிப்பட்டியைப் பற்றியது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களில் கூடு கட்டும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று அவ்வூரார் பல பத்தாண்டுகளாக வெடி வெடிப்பதில்லை. வனத்துறையும் நன்றியாக அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறது. இதைக் கொண்டு, வெகுமதி கொடுத்தால் இயற்கை பிழைத்துவிடும் என்று முடிவுகட்டுவோர் செய்தியைத் தலைகீழாகப் படிக்கின்றனர்; வெடி நின்ற பிறகு வந்ததே இனிப்பு.

தானாக ஒன்றைச் செய்பவரிடம் காசையோ தண்டத்தையோ நுழைத்தால், அவருக்குள் இருந்த ஊக்கம் இடத்தைக் காலிசெய்துவிடுவதுண்டு. பொருளியலார் இதனை ஊக்க வெளித்தள்ளல் என்பர். செட்டிநாட்டுத் திருமணத்தில் பந்தி பரிமாறும் பங்காளிக்குத் தாம்பூலப் பை கொடுத்தால் மகிழ்வார். முந்நூறு ரூபாய் கொடுத்தால், அடுத்த முகூர்த்தத்தில் ஐந்நூறு கேட்பார். தாமதத்துக்கு அபராதம் விதித்தாலோ, அதைக் கட்டிவிட்டுப் பாயசத்துக்கு மட்டும் வந்து உட்காருவார். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில் நிகழ்ந்ததும் இதுவே: பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் ஏறத்தாழ இரட்டித்தது, அபராதத்தை நீக்கிய பின்னும் குறையவில்லை என்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. குற்ற உணர்வு இருந்த இடத்தில் கட்டணம் வந்து அமர்ந்துகொண்டது.

காட்டுக்கு இன்னும் நெருக்கமான சான்று கொலம்பியாவினுடையது. பொதுக் காட்டில் எவ்வளவு விறகு எடுப்பது என்று முடிவுசெய்யும் விளையாட்டைக் கிராமத்தாரிடம் நடத்திய ஆய்வாளர் ஹுவான் கமிலோ கார்டெனாஸ் குழுவினர், அரைகுறைக் கண்காணிப்புடன் அபராதம் விதித்தபோது, முதலில் அடங்கியவர்கள் பின்னர் முன்னிலும் தன்னலமாக நடந்ததைக் கண்டனர். கூடிப் பேச மட்டும் அனுமதிக்கப்பட்டோரே காட்டை மேலாகக் காத்தனர். விளையாட்டில் கிடைத்த முடிவை அப்படியே நாட்டுக்குப் பொருத்துவது மிகைதான். ஆனாலும் திசை தெளிவு.

நம் வரலாறும் அத்திசையையே காட்டுகிறது: வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கு எதிராக 1790களில் ஆட்சியரிடமிருந்து காப்பு ஆணை பெற்றவர்கள் ஊராரே. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். ஊர் வேண்டிப் பெற்ற அந்தத் தடை வெளியாட்களுக்கானது.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பொது அபராத உச்சவரம்பு, 2022 திருத்தத்தால் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது. வலையும் துப்பாக்கியுமாக வருபவனுக்கு அது தேவை. கொள்ளுகுடிப்பட்டிக்கு இனிப்புப் பொட்டலம் போதும். அதை ரொக்கமாக்கும் திட்டம் எவர் மேசையிலேனும் இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும்.