கணினி உங்கள் வரிசைப்படி வடிகட்டுவதில்லை

இன்று பல மொத்த வியாபார நிலையங்களில் கடன் ஏடு கணினிக்குள் சென்றுவிட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற பட்டியல் ஒரு நொடியில் வந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியல் பிழையாக இருந்தால்?

அநேகமான கணக்கு மென்பொருள்கள் எஸ்.கியூ.எல். எனும் மொழியிலேயே தரவுகளைத் தேடுகின்றன. இம்மொழியில் எது வேண்டும் என்பதை மட்டுமே நாம் சொல்கிறோம். எப்படித் தேடுவது என்பதைத் தரவுத்தளமே தீர்மானிக்கிறது. இதை அறியாததால் இரண்டு விதமான தவறுகள் நேர்கின்றன.

முதலாவது சத்தமில்லாத தவறு. புறக்கோட்டையிலும் கண்டியிலும் 50,000 ரூபாவுக்கு மேல் நிலுவை வைத்துள்ளவர்களின் பட்டியல் உங்களுக்குத் தேவை என்று வைத்துக்கொள்வோம். "நகரம் புறக்கோட்டை ஓ.ஆர். நகரம் கண்டி அன்ட் நிலுவை 50,000க்கு மேல்" என்று எழுதினால் என்ன நடக்கும்? 'அன்ட்' எப்போதும் 'ஓ.ஆரை' முந்திக்கொள்ளும். கண்டிக்கு மட்டுமே நிலுவை நிபந்தனை பொருந்தும். புறக்கோட்டை வாடிக்கையாளர்கள் அனைவரும் பட்டியலில் வந்துவிடுவார்கள். 2,000 ரூபா மட்டுமே தரவேண்டிய நல்ல வாடிக்கையாளருக்கும் கடிதம் போய்விடும். இரு நகரங்களையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் சரியாகிவிடும்.

இரண்டாவது, நேற்றுவரை ஓடிய அறிக்கை இன்று நின்றுபோவது. கொடுப்பனவு இலக்கம் எனும் ஒரே நிரலில் காசோலைக்கு இலக்கமும், ரொக்கத்துக்கு 'காசு' என்ற சொல்லும் பதியப்பட்டுள்ளன. "காசோலைகளை மட்டும் எடு, அவற்றில் இலக்கம் 5000க்கு மேற்பட்டதைக் காட்டு" என்று கேட்கிறீர்கள். முதல் நிபந்தனை 'காசு' வரிகளை முன்னரே நீக்கிவிடும் என்பது நமது எண்ணம். தரவுத்தளமோ எந்த வழி செலவு குறைந்தது என்றே பார்க்கிறது. தரவுகள் பெருகினாலோ புதிய சுட்டி சேர்த்தாலோ அதன் வழி மாறலாம். அப்போது 'காசு' என்ற சொல்லை இலக்கமாக மாற்ற முயன்று, பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். நிபந்தனைகளை முன்பின்னாக மாற்றி எழுதுவது இதற்குப் பரிகாரமல்ல.

எஸ்.கியூ.எல். சேர்வர் பாவிப்பவர்களுக்கு 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'ட்ரை காஸ்ட்' எனும் வசதி உண்டு. மாற்ற முடியாத பெறுமதியை அது வெறுமையாக விட்டுவிடும், அறிக்கை நிற்காது. இதைவிடச் சிறந்தது, காசோலை இலக்கத்துக்குத் தனி நிரல் வைப்பதாகும்.

எனவே மென்பொருள் செய்து தருபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அன்ட், ஓ.ஆர். சேரும் இடங்களில் அடைப்புக்குறி உண்டா? ஒரே நிரலில் இலக்கமும் சொல்லும் கலந்துள்ளனவா? பின்னர் பட்டியலில் உள்ள நான்கைந்து பெயர்களையாவது பற்றுச்சீட்டுகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதம் அனுப்புவது அதற்குப் பிறகு இருக்கட்டும். கணக்கைத் திருத்திவிடலாம், மனம் நொந்து போன வாடிக்கையாளரைத் திரும்ப அழைப்பது கடினம்.