சிறைவாசலில் நிற்கும் குடும்பத்துக்கு

கிளைச்சிறையின் வாசலில் காலை வேளையில் கூடி நிற்பவர்களைச் சற்றே நின்று கவனித்தால், ஒரு குடும்பத்தின் தலையில் இடி விழுந்தால் அது எவ்விதம் நிலைகுலைந்து போகிறது என்பது விளங்கிவிடும். துணிக்கடைப் பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு துண்டு, ஒரு சோப்பு. மற்றொரு கையில் ஆதார் அட்டையின் நகல். கைதியின் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எந்தக் காவல் நிலையத்து வழக்கு என்று வாசல் காவலர் கேட்கும்போது, அந்தத் தாய் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்து, தெரிந்த முகம் ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே தாழ்ந்த குரலில் விடை சொல்கிறாள். மனு போட்டுப் பார்க்க வந்ததையே அவள் ஒரு மானக்கேடாக எண்ணுகிறாள்.

அந்த வெட்கத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது. கைதான மனிதருக்கு முதல் சில நாட்களில் நேரும் நஷ்டங்களுள் பெரும்பகுதி, வெளியே இருக்கும் அவருடைய பந்துக்கள் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, கதவைச் சாத்திக்கொண்டு அழுது, யாரையும் கேட்காமல், எதையும் எழுதி வைக்காமல் காலத்தைப் போக்கிவிடுவதால் விளைவதாகும். உள்ளே இருப்பவரால் ஒரு காகிதத்தைக்கூடத் தேடிக் கொண்டுவர முடியாது. அவருக்காக நடக்கவும் கேட்கவும் எழுதவும் வெளியே இருப்பவர்களால்தான் முடியும். கிளைச்சிறையில் இருப்பவர்களோ பெரும்பாலும் விசாரணைக் கைதிகள். குற்றம் ருசுவாகும் வரையில் சட்டத்தின் முன் அவர்கள் நிரபராதிகள். ஆகவே, அவர்களுக்காக ஓடியாடுவதில் தலைகுனிய ஏதும் இல்லை.

முதல் இருபத்துநான்கு மணி நேரம்

கைது செய்யப்பட்டவரைப் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது நமது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு விதித்த கட்டளை. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க இடந்தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் அடங்கியவை. மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று விசாரித்த உச்ச நீதிமன்றம், 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பில், கைதின்போது கைதுக் குறிப்பு ஒன்றை எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும், உறவினருக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று வகுத்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்னும் நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. கைதுக்கான காரணங்களை எழுத்து மூலமாகத் தர வேண்டும் என்பதையும் உச்ச நீதிமன்றம் அண்மைத் தீர்ப்புகளில் வற்புறுத்தியிருக்கிறது.

எனவே செய்தி வந்தவுடன் வீட்டார் செய்ய வேண்டிய முதற்காரியம், பதற்றத்தை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்குவதே. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எந்தக் காவல் நிலையத்தார் அழைத்துச் சென்றார்கள், உடன் இருந்தவர்கள் யார், அப்போது அவருடைய தேகநிலை எப்படி இருந்தது என்பவற்றை அன்றன்றே தேதியிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். குற்ற எண்ணையும் சட்டப் பிரிவுகளையும் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் தகவல் அறிக்கையை, அந்தரங்கமாகக் காக்க வேண்டிய சில வகை வழக்குகள் தவிர, 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் யாராயிருப்பினும், இடக்கூடாது.

பெண்ணாயின், அசாதாரணமான சந்தர்ப்பத்தில் மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதியோடு பெண் அதிகாரி செய்தாலன்றி, சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் கைது செய்தல் ஆகாது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கவே கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்த வேண்டும். வயதில் ஐயம் இருக்குமாயின், பிறப்புச் சான்றையோ பள்ளிச் சான்றையோ வீட்டார் உடனே எடுத்துச் செல்வதைவிட அவசரமான காரியம் வேறில்லை.

மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில்

ரிமாண்டு செய்வதற்காகக் கைதியை நீதிமன்றத்துக்கு, சில சமயம் இரவு வேளையில் மாஜிஸ்திரேட்டின் இல்லத்துக்கே கொண்டுபோவார்கள். அங்கே குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் இருப்பது பெரும் பாதுகாப்பு. அடிபட்டிருந்தால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுவே. காயத்தையும், மருத்துவரின் பரிசோதனைச் சீட்டையும் மாஜிஸ்திரேட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்து பதிவு செய்யும்படி வழக்கறிஞர் கேட்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்டு செய்யப்பட்டுக் கோவில்பட்டிக் கிளைச்சிறையில் அடைக்கப்பட்டபின் அடுத்தடுத்து உயிர் துறந்ததும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து அவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டதும் தமிழ்நாடு மறக்கக்கூடாதவை. ரிமாண்டு வேளையில் காயங்களைக் கண்ணால் பார்ப்பதும் கேள்வி கேட்பதும் வெறும் சம்பிரதாயம் ஆகிவிடக் கூடாது என்பதற்கு அதற்குமேல் சாட்சியம் வேண்டியதில்லை.

24 மணி நேரம் கடந்தும் கைதியை நிறுத்தவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை என்றால், மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் விசாரிக்க வேண்டும்; மாவட்ட அதிகாரிகளுக்குத் தந்தி அடித்த காலம் போய்விட்டபடியால், மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்; அதற்கும் பயனில்லையேல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கக் கையில் பணம் இல்லையே என்று ஏங்குவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, காவலில் உள்ள எவரும், அவருடைய வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவிக்குப் பாத்தியதை உடையவர். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். இது தானமன்று, 1979-இல் பீகார்ச் சிறைகளில் ஆண்டுக்கணக்காக விசாரணையின்றி வாடிய ஏழைகளின் பொருட்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை.

உள்ளே இருப்பவரைப் பார்ப்பது

நம் நாட்டுக் கிளைச்சிறைகள் பல பழைய தாலுகா கச்சேரியை ஒட்டிய சிறு கட்டடங்கள். அங்கே சில நாள் வைத்திருந்து, பிறகு புழல், வேலூர், கடலூர், திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை போன்ற மத்தியச் சிறைகளுக்கு மாற்றுவதும் உண்டு. ஆதலால் நெடுந்தூரத்திலிருந்து பஸ் ஏறுமுன், ஆள் எங்கே இருக்கிறார், மனு பார்க்கும் நாளும் நேரமும் எவை, என்னென்ன அடையாளச் சான்று வேண்டும் என்று விசாரித்துக்கொள்வது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

விசாரணைக் கைதிகள் தம் சொந்த உடையை உடுத்தலாம். எளிய உடைகளை எடுத்துச் செல்லலாம். மருந்தை மட்டும் வெறுமனே கொண்டுபோய் நீட்டினால் உள்ளே போகாது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் என எது இருந்தாலும், மருத்துவரின் சீட்டையும் பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் நகல் எடுத்து, சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனுவும் எழுதிக் கொடுத்து, சிறை மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்யும்படி கேட்க வேண்டும். அதே விவரத்தை வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்திலும் தெரிவிக்க வேண்டும். மனுவின் மறுநகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள மறவாதீர்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் வக்காலத்தில் கைதி இடும் கையெழுத்துக்குச் சிறை அதிகாரியின் சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மனு பார்க்கும் இடத்திலே கம்பிவலைக்கு இருபுறமும் பலர் ஒரே சமயத்தில் உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலில் நடந்தது என்ன, நீ செய்தாயா இல்லையா என்று துருவிக் கேட்பது அறிவீனம். வழக்கின் சங்கதிகள் வழக்கறிஞருக்கு உரியவை. குழந்தை பள்ளிக்குப் போகிறது, வீட்டு வாடகை கட்டியாயிற்று, அடுத்த வாய்தா இன்ன தேதி, நாங்கள் வருவோம் என்ற நாலு வார்த்தைகளே உள்ளே இருப்பவருக்கு மருந்தாகும். தாயே சிறைப்பட்டிருப்பாளாயின், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி உண்டு.

ஜாமீனும் தேதிக் கணக்கும்

ஜாமீனில் விடத்தக்க குற்றங்களில் ஜாமீன் ஓர் உரிமை. ஜாமீன்தாரர் கிடைக்காத பரம ஏழை ஒரு வாரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தால், அவரை வசதியற்றவர் என்று கருதிச் சொந்தப் பிணையில் விடுவிக்கச் சட்டமே வழி சொல்கிறது. மற்றக் குற்றங்களில் மாஜிஸ்திரேட் மறுத்தால் செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் உண்டு.

எல்லோரும் மனனம் செய்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றிருக்கிறது. முதல் ரிமாண்டு தேதியிலிருந்து 60 நாட்களுக்குள், மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய குற்றமாயின் 90 நாட்களுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கைதிக்கு ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. போதைப்பொருள் வழக்குகள் சிலவற்றிலும் வேறு சில விசேஷச் சட்டங்களிலும் இந்தக் காலம் 180 நாளோ அதற்கு மேலோ நீளலாம். இவ்வுரிமை கேட்பவருக்கே கிட்டும். மனு போடாமல் இருந்துவிட்டு, இடையில் குற்றப்பத்திரிகை வந்து விழுந்துவிட்டால் உரிமை போயிற்று. ஆகையால் முதல் நாளே நாட்காட்டியில் 60-வது நாளையும் 90-வது நாளையும் வட்டமிட்டு வையுங்கள். விசாரணை நீண்டுகொண்டே போனால், அக்குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனையில் பாதிக் காலத்தையும், முன்பு தண்டனை பெறாதவராயின் மூன்றில் ஒரு பங்கையும் உள்ளே கழித்தவரை விடுவிக்க, மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாகவும், வேறு வழக்குகள் நிலுவையில் இல்லாத வரையிலும், பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு இடமளிக்கிறது.

ஜாமீன் உத்தரவு ஆகியும் வெளியே வர முடியாமல் தவிப்போர் பலர். 1978-இல் மோதிராம் என்னும் கொத்தனாருக்கு மத்தியப் பிரதேசத்து மாஜிஸ்திரேட் ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரனின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அதையும் நிராகரித்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தூரதேசத்தில் கைதாகும் ஒரு தமிழனோ மலையாளியோ அவ்வூரில் சொத்துள்ள ஜாமீன்தாரரை எங்கே போய்த் தேடுவான் என்னும் கருத்துப்பட வினவி, 1,000 ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் உழைக்க வந்த பீகார், ஒடிசாத் தொழிலாளிகளுக்கு நம் நீதிமன்றங்களில் அதே கேள்வி எழுகிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் உத்தரவான ஏழு நாட்களுக்குள் கைதி வெளிவராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க இயலாதபோது நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே ஆலோசிக்கலாம் என்றும் கூறியது. அதே ஆண்டில் மத்திய அரசு அறிவித்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், தகுதியுள்ள விசாரணைக் கைதிக்குப் பண உதவி கிடைக்க வழியுண்டு.

குண்டர் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தடுப்புக் காவல் சட்டத்தில் அடைத்திருந்தால் விஷயம் வேறு. மூல வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். உத்தரவின் காரணங்கள் அடங்கிய ஆவணத்தை வாங்கி, தாமதமின்றி அரசுக்கு முறையீடு அனுப்பி, ஆலோசனைக் குழுமத்தையும், தேவையாயின் உயர் நீதிமன்றத்தையும் அணுக வேண்டும்.

நீதிமன்ற வாசலிலும் சிறை வாசலிலும், "ஐயாவை எனக்குத் தெரியும், நாளைக்கே வெளியே எடுத்துவிடலாம்" என்று சொல்லி முன்பணம் கேட்பவர்கள் வந்து சூழ்வார்கள். தாலியை அடகு வைத்து அவர்களிடம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் ஏராளம். வழக்கறிஞர் கட்டணத்தை வழக்கறிஞரிடமே கொடுங்கள். கூலிக்கு வரும் போலி ஜாமீன்தாரரை நாடாதீர்கள், அது தனிக் குற்றமாகும். வெளியே வந்தபின், ஜாமீன் நிபந்தனைப்படி காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ இட வேண்டிய கையெழுத்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.

ஊராருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. அண்டை வீட்டுப் பிள்ளை கைதானான் என்று கேள்விப்பட்டால், வம்பு விசாரிக்காமல், அந்தத் தாயோடு நீதிமன்றம் வரை துணைக்குப் போகலாம். படிக்கத் தெரியாதவளுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். ஒவ்வொரு கிளைச்சிறை வாசலிலும் மனு பார்க்கும் நேரத்தையும், சட்ட உதவிக்கான முகவரியையும், கைதியின் உரிமைகளையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் தொங்கவிடச் சொல்லிக் கேட்பது பிரஜைகளாகிய நமது பொறுப்பு. தண்டிப்பதோ விடுவிப்பதோ நியாயஸ்தலத்தின் வேலை. தீர்ப்பு வரும் நாள் வரை அந்த மனிதரைத் தனியே விட்டுவிடாதிருப்பது குடும்பத்தின் வேலை. அந்தக் குடும்பத்தைத் தனியே விட்டுவிடாதிருப்பது நம் எல்லோருடைய வேலை.